மலைக்குச் செல்லும் மருந்து

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. வெள்ளத்துக்குக் கூறிய இம்மொழி நோய்க்கும் பொருந்தும். நோய் வந்த பின் மருந்துண்டு அதனைப் போக்குதல் ஒரு முறை. நோய் வருவதற்கு முன்னரே உடலைக் காத்துக்கொள்ளுதல் மற்றொரு முறை. முன்னதினும் பின்னது எளிது. செலவும் துன்பமும் குறைந்தது. இம்முறைக்குத் துணை நிற்பவற்றுள் தலைசிறந்தது தடுப்பூசி.

ஊசி என்பது கருவியின் பெயர். அப்பெயர் அக்கருவியின் வழியாகச் செலுத்தப்படும் மருந்துக்கு ஆகி வந்தது. இன்று ஊசியின்றி வாயில் விடப்படும் சொட்டு மருந்தையும் தடுப்பூசி என்னும் பெயரிலேயே அடக்கிக் கூறுகின்றனர். நோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்தோ, கொன்றோ, அதன் ஒரு கூற்றை மட்டும் பிரித்தெடுத்தோ இம்மருந்தை ஆக்குவர். இஃது உள்ளே சென்றதும் உடல் தன் பகைவனை அடையாளங் கண்டுகொள்கின்றது; அவனை எதிர்க்கும் ஆற்றலையும் தேடி வைத்துக்கொள்கின்றது. பின்னர் உண்மையான கிருமி புகும்போது அதனை விரைந்து எதிர்த்து வெல்கின்றது.

ஆயினும், மருந்தைக் கண்டறிவதும் ஆக்குவதும் மட்டும் போதா. ஆக்கிய மருந்து கெடாமல், உரிய காலத்தில், உரிய குழந்தையைச் சென்று சேர வேண்டும். சென்னையில் உள்ள மருந்தால் கல்வராயன் மலையில் தொட்டிலில் உறங்கும் குழந்தை காக்கப்பட வேண்டுமாயின், இடையே எத்தனை பேர் உழைக்க வேண்டும்! அவ்வுழைப்பின் வரலாற்றையும் முறையையும் அறிந்துகொள்வது பயனுடைய செயலாகும்.

பண்டை நாளில் மக்களை மிகவும் அச்சுறுத்திய நோய் பெரியம்மை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் அது 30 கோடி உயிர்களைக் கவர்ந்தது என்று கணக்கிட்டுள்ளனர். பிழைத்தவருள் பலர் கண்ணிழந்தனர். முகம் முழுதும் வடுப்பட்டனர். இங்கிலாந்து நாட்டு மருத்துவராகிய எட்வர்டு ஜென்னர், மாட்டம்மை கண்ட பால் கறக்கும் பெண்களைப் பெரியம்மை பற்றுவதில்லை என்னும் செய்தியை ஆராய்ந்தார். 1796 ஆம் ஆண்டில், மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுடைய கையில் கீறி இட்டார். பின்னர் அச்சிறுவனைப் பெரியம்மை பற்றவில்லை. பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே 'வாக்சின்' என்னும் ஆங்கிலப் பெயர் பிறந்தது. தமிழ் மக்கள் இம்மருந்தை அம்மைப்பால் என்றும், அதனை இடும் செயலை அம்மை குத்துதல் என்றும் வழங்கினர்.

ஜென்னர் கண்ட மருந்து இந்தியாவுக்கு வந்த கதை வியப்புக்குரியது. அக்காலத்தில் குளிர்ப்பெட்டி இல்லை. நூலில் தோய்த்து உலர்த்தி அனுப்பிய அம்மைப்பால், நெடுந்தொலைக் கடற்பயணத்தின் வெப்பத்தால் பயனற்றுப் போயிற்று. ஆதலால், வேறொரு வழியை நாடினர். ஒரு குழந்தையின் கையில் மருந்தை இட்டு, எட்டாம் நாள் அளவில் எழும் கொப்புளத்தின் நீரை எடுத்து மற்றொரு குழந்தைக்கு இட்டனர். அக்குழந்தையிடமிருந்து பிறிதொரு குழந்தைக்கு இட்டனர். வியன்னாவிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாது, பஸ்ரா ஆகிய நகரங்களின் வழியாக வந்த மருந்து, இவ்வாறு கைக்குக் கை மாறிப் பம்பாயை அடைந்தது. அங்கே 1802 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள், ஆன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு இடப்பட்டதே இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் தடுப்பு மருந்து. மருந்தைக் கெடாமல் கொண்டுசெல்லும் தொல்லை, மருந்து பிறந்த நாள்தொட்டே உடன் பிறந்தது என்பதை இதனால் அறியலாம்.

பிற்காலத்தில் மருந்தை நம் நாட்டிலேயே ஆக்கும் நிலையங்கள் தோன்றின. சென்னைக் கிண்டியில் 1899 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கிங் நிலையம், கன்றுகளைக் கொண்டு அம்மைப்பாலை ஆக்கி மாகாணமெங்கும் அனுப்பி வந்தது. நீலகிரியில் உள்ள குன்னூரில் 1907 ஆம் ஆண்டில் பாஸ்டர் நிலையம் தொடங்கப் பெற்றது. கிண்டியிலேயே காசநோய்த் தடுப்பு மருந்தாகிய பி.சி.ஜி.யை ஆக்கும் ஆய்வகம் 1948 ஆம் ஆண்டில் எழுந்தது. பல்லாயிரவர் பல்லாண்டு உழைத்ததன் பயனாக, 1975 ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின்னர் இந்தியாவில் பெரியம்மை தோன்றவில்லை. 1980 ஆம் ஆண்டில் உலகமே அந்நோயினின்று விடுபட்டது என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

ஒரு நோயை வென்ற ஊக்கம் பிற நோய்களையும் வெல்லத் தூண்டிற்று. 1978 ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தை இந்திய அரசு தொடங்கிற்று. 1985 ஆம் ஆண்டில் அஃது அனைவர்க்குமான தடுப்பூசித் திட்டமாக வளர்ந்தது. இன்று ஆண்டுதோறும் பிறக்கும் ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் குழந்தைகளுக்கு இத்திட்டம் உரியது. செல்வர் வீட்டுக் குழந்தை, வறியவர் வீட்டுக் குழந்தை என்னும் வேறுபாடு இதில் இல்லை. குழந்தையாகப் பிறந்தமையே இதற்குத் தகுதி. விலை யாதும் பெறாமல் அரசு இதனை வழங்குகின்றது.

இம்மருந்துகளுக்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. பிறந்தவுடன் காசநோய்க்கும், கல்லீரலைத் தாக்கும் மஞ்சட்காமாலை வகை ஒன்றுக்கும், இளம்பிள்ளை வாதத்துக்கும் உரிய மருந்துகள் தரப்படுகின்றன. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஐந்து நோய்களை ஒருங்கே தடுக்கும் ஊசி இடப்படுகின்றது. இவ்வைந்நோய்த் தடுப்பூசியை 2011 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதன்முதலாக அரசின் திட்டத்தில் வழங்கத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமுமே ஆகும். ஒன்பதாம் மாதம் நிறைந்ததும் தட்டம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி. ஒன்றரை வயது அளவில் அதன் இரண்டாம் தவணை. ஐந்து வயதில் வலுவூட்டும் ஊசி. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கான ஊசி என்று இவ்வொழுங்கு தொடர்கின்றது.

அரசு ஏன் இச்செலவை மேற்கொள்ள வேண்டும் என்று சிலர் வினவலாம். தொற்றுநோய் ஒருவரோடு நிற்பதன்று. தட்டம்மை கண்ட குழந்தை ஒன்று, காப்பு இல்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரைக்கும் அதனைப் பரப்ப வல்லது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தடுப்பூசி பெற்றிருப்பின், கிருமி பரவ வழியின்றி அடங்கும். ஊசி பெறும் வயது நிரம்பாத பச்சிளங் குழந்தைகளும் அதனால் காக்கப்படுவர். எனவே ஒரு குழந்தைக்கு இடும் ஊசி அதன் அண்டை வீட்டுக் குழந்தைக்கும் வேலியாகின்றது. ஊருக்கு நடுவே உள்ள குளத்தைப் பொதுச் செலவில் காப்பது எவ்வாறு முறையோ, அவ்வாறே இதுவும் முறையாகும்.

இனி, மருந்து செல்லும் வழியைக் காண்போம். மருந்தாக்கும் நிலையங்களிலிருந்து வரும் தடுப்பு மருந்து சென்னையில் உள்ள அரசுக் கிடங்கை அடைகின்றது. அங்கிருந்து மண்டலக் கிடங்குக்கும், மாவட்டக் கிடங்குக்கும், பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் செல்கின்றது. வழியெங்கும் அது குளிர்ச்சியிலேயே இருத்தல் வேண்டும். இதனைக் குளிர்ச்சங்கிலி என்பர். சங்கிலியின் ஒரு கண்ணி அற்றாலும் சங்கிலி பயனற்றுப் போவது போல, ஓரிடத்தில் குளிர்ச்சி குன்றினும் மருந்தின் ஆற்றல் குன்றும். பெரும்பாலான மருந்துகளுக்கு ஏற்ற வெப்பநிலை 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரை ஆகும். இதனினும் மிகுந்த வெப்பம் மருந்தைக் கெடுக்கும். குளிர் மிகுந்து உறைந்து போதலும் சில மருந்துகளைக் கெடுக்கும். ஆதலால், குளிர்ச்சி வேண்டும் என்று எண்ணி எல்லா மருந்தையும் பனிக்கட்டியோடு நெருக்கி வைத்தலும் பிழையே.

கெட்ட மருந்து கண்ணுக்கு நல்ல மருந்து போலவே தோன்றும். அதனை இட்டுக்கொண்ட குழந்தை காக்கப்பட்டதாகவே தாய் எண்ணியிருப்பாள். ஏட்டிலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கும். ஆனால், நோய் வரும் நாளில்தான் அக்காவல் வெறுங்காவல் என்பது விளங்கும். இக்கேடு நேராதிருக்கப் புட்டியின்மீது ஓர் அடையாளம் இடப்பட்டுள்ளது. ஊதா நிற வட்டத்தின் நடுவே வெண்ணிறச் சதுரம் ஒன்று காணப்படும். மருந்து வெப்பத்துக்கு ஆட்படுந்தோறும் அச்சதுரம் மெல்ல மெல்லக் கறுக்கும். சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிடின், அப்புட்டியை விலக்கிவிட வேண்டும். எழுதப் படிக்க அறியாதவரும் கண்டு தெளியத்தக்க எளிய சான்று இது.

இவ்வழியின் கடைசிக் காதமே மிகக் கடினமானது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். 2019 ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை நிமிர்ந்து நிற்கின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இது சேலம் மாவட்டத்திலும் பரந்துள்ளது. சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரமும் உடையன. கோமுகி ஆறு இம்மலையில் தோன்றி, அடிவாரத்திலுள்ள கோமுகி அணையில் தேங்கிச் சமவெளியின் வயல்களை வளப்படுத்துகின்றது.

மலையின்மேல் வாழ்பவர் மலையாளிகள் எனப் பெயர் பெற்ற பழங்குடியினர். மலையில் வாழ்தலால் வந்த பெயரேயன்றிக் கேரள மக்களைக் குறிக்கும் பெயரன்று இது. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுரை. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி முதலியவற்றைப் பயிரிட்டும், தேனும் கடுக்காயும் திரட்டியும் வாழ்ந்து வருகின்றனர். நெடுங்காலம் ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்த இம்மலைப் பகுதி, 1976 ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவ நிலையமும் சமவெளியினும் காலந்தாழ்த்தே இங்கு வந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை வெள்ளிமலையை அடைகின்றது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு முதலிய ஊர்கள் சாலையை ஒட்டியன. ஆனால் மலைமக்களின் சிற்றூர்கள் பல, ஓடைகளுக்கும் காடுகளுக்கும் அப்பால் பத்து வீடும் இருபது வீடுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இக்காரணம் பற்றியே, சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றும், மலைப்பகுதியில் 20,000 மக்களுக்கு ஒன்று என்றும் விதி வகுத்துள்ளனர். துணை நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று; மலையில் 3,000 பேருக்கு ஒன்று. தொலைவு மிகுந்த இடத்தில் தலைக்கணக்கு மட்டும் பார்த்தல் நீதியாகாது என்பதே இவ்விதியின் கருத்து.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அந்நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருந்து, தோளில் தொங்கவிடத்தக்க சிறு குளிர்ப்பெட்டியில் புறப்படுகின்றது. பெட்டியின் நான்கு பக்கமும் நான்கு பனிக்கட்டிப் பைகள் வைக்கப்படும். உறைவிப்பானிலிருந்து எடுத்த பையை உடனே வைத்துவிடலாகாது. மேலே நீர் துளிர்த்து, அசைத்தால் உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்கும் வரை வெளியில் வைத்திருத்தல் வேண்டும். இல்லையேல் அருகிலுள்ள மருந்து உறைந்து கெடும். சாலை உள்ள வரை வண்டியிலும், சாலை முடிந்த இடத்திலிருந்து கால்நடையாகவும் பெட்டி செல்கின்றது. மழைக்காலத்தில் ஓடை பெருகின் வழி அடைபடும். மின்சாரம் தடைப்படும் நாள்களிலும் குளிர்ச்சியைக் காக்க, பனிநீர்க் குழாய்கள் உட்சுவரில் பொருந்திய பெட்டிகள் சுகாதார நிலையங்களில் உள்ளன. ஒரு நாளில் எட்டு மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலும் அவை தம் குளிர்ச்சியை இழப்பதில்லை.

நாட்டுப்புற மக்களால் நர்சம்மா என்று அழைக்கப்படும் கிராம சுகாதாரச் செவிலியரே இப்பெட்டிக்கு உரியவர். எந்தச் சிற்றூரில் எத்தனை கருவுற்ற தாய்மார், எத்தனை கைக்குழந்தைகள், எந்தக் குழந்தைக்கு எந்தத் தவணை என்னும் கணக்கை அவர் முன்னரே எழுதி வைத்திருப்பார். அக்கணக்கின்படியே புட்டிகள் எடுத்துச் செல்லப்படும். குறைவாக எடுத்துச் சென்றால் குழந்தை வறிதே திரும்பும். மிகுதியாக எடுத்துச் சென்றால் மருந்து வீணாகும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பி.சி.ஜி. மருந்துப் புட்டி ஒன்றில் பத்துக் குழந்தைகளுக்குரிய மருந்து உள்ளது. தட்டம்மை மருந்துப் புட்டியில் ஐந்து குழந்தைகளுக்கு உரியது உள்ளது. இவற்றை நீரில் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எஞ்சியதை எறிந்துவிட வேண்டும். மலைச் சிற்றூரில் அன்று தட்டம்மை ஊசிக்கு உரிய குழந்தை ஒன்றே இருக்கலாம். ஒரு குழந்தைக்காகப் புட்டியைத் திறந்து நான்கு பங்கை எறிவதா? அடுத்த முறை வருக என்று தாயைத் திருப்பி அனுப்புவதா? அடுத்த முறை அத்தாய் மரவள்ளிக் காட்டில் வேலையாக இருக்கலாம். பிழைப்பு நாடி வெளியூருக்கும் சென்றிருக்கலாம். அதற்குள் நோயும் முந்திக்கொள்ளலாம். ஆகவே, ஒரே குழந்தை வந்தாலும் புட்டியைத் திறக்க வேண்டும் என்பதே அரசின் விதி. மருந்தின் பங்கு நான்கு வீணானாலும் குழந்தை ஒன்று வீணாகலாகாது என்னும் அருள் நெஞ்சம் இவ்விதியில் விளங்குகின்றது.

மருந்து சென்றடைந்த பின்னரும் ஒரு தடை எஞ்சுகின்றது. அது மனத்தின் தடை. "சென்ற முறை ஊசி போட்டதும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதே" என்று தாய் தயங்குவாள். அத்தயக்கத்தை அறியாமை என்று இகழ்தல் கூடாது. தன் மகவின்பாலுள்ள அன்பே தயக்கமாய் வெளிப்படுகின்றது. இன்ன ஊசி இன்ன நோயைத் தடுக்கும், சிறு காய்ச்சலோ வீக்கமோ வரலாம், அதற்குச் செய்ய வேண்டுவது இது, அடுத்த ஊசிக்கு வர வேண்டிய நாள் இது என்னும் நான்கு செய்திகளைச் செவிலியர் பொறுமையுடன் எடுத்துரைப்பார். ஊசியிட்ட பின் அரைமணி நேரம் குழந்தையைத் தம் பார்வையில் வைத்திருப்பார். திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணை செய்வோன் என நான்கு கூறாக வகுத்தார். நோய் வருமுன் காக்கும் மருத்துவத்துக்கும் அவ்வகுப்பு பொருந்துகின்றது. மருந்து மட்டும் வலியதாக இருந்து, துணை செய்வோர்மீது நம்பிக்கை இல்லையாயின் பயன் விளையாது.

மருந்தாக்கும் இடத்தில் தடை நேரினும் இச்சங்கிலி தளரும் என்பதற்கு அண்மைக் கால வரலாறு சான்று பகர்கின்றது. உற்பத்தி நெறிகள் உரியவாறு பின்பற்றப்படவில்லை என்று 2008 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கிண்டி, குன்னூர், இமாசலத்துக் கசௌலி ஆகிய மூவிடத்து அரசு நிலையங்களின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களிடமிருந்து மருந்தை வாங்க வேண்டிய நிலை உண்டாயிற்று. பல இடங்களில் தட்டுப்பாடும் தோன்றிற்று. 2010 ஆம் ஆண்டில் உரிமம் மீண்டும் வழங்கப்பட்டது. நெறி பிறழாமல் ஆக்குதலும், ஆக்கும் நிலையங்களைப் பேணுதலும் ஆகிய இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

எல்லாத் தடுப்பூசிகளும் இன்னும் இத்திட்டத்தில் இடம்பெறவில்லை. அவற்றுள் ஒன்று இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு உரியது. 1918 ஆம் ஆண்டில் பம்பாய் வழியாகப் புகுந்த இக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1957 ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் மற்றொரு வகை, சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் சென்னைத் துறைமுகத்தை அடைந்து நாடெங்கும் பரவிற்று. 44 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர் என்பது பதிவான கணக்கு. அக்காலத்தில் அக்கிருமியை ஆராய்ந்தவர்கள் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தார். இக்கிருமி ஆண்டுதோறும் தன் வடிவை மாற்றிக்கொள்ளும் இயல்பினது. ஆதலால், இதற்குரிய மருந்தையும் ஆண்டுதோறும் புதுக்க வேண்டும்; குழந்தைக்கும் ஆண்டுதோறும் இட வேண்டும். இங்கிலாந்து போன்ற சில நாடுகளில் பள்ளிச் சிறுவர்க்கு மூக்கில் தெளிக்கும் மருந்தாக இதனை அரசே விலையின்றி வழங்குகின்றது. நம் நாட்டில் குழந்தை மருத்துவர் அமைப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இதனைப் பரிந்துரைத்துள்ளது. ஆயினும், நாட்டுத் திட்டத்தில் இது சேரவில்லை. விலை கொடுத்தே பெற வேண்டும். ஒரு மருந்தைத் திட்டத்தில் சேர்ப்பது ஏட்டில் ஒரு வரியை எழுதுவதன்று. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான புட்டிகளை ஆக்கி, குளிர்ச்சங்கிலியில் இடந்தேடி, மலைச்சிற்றூர் வரை கொண்டுசேர்க்கும் வலிமை வேண்டும். எந்த நோய் எத்தனை குழந்தைகளைத் தாக்குகின்றது என்பதை ஆய்ந்து, முன்னது எது, பின்னது எது என்று தேர்ந்து செய்தல் அரசின் கடமை.

இம்முயற்சிகளின் பயன் கண்கூடு. இளம்பிள்ளை வாதத்தால் காலிழந்து வருந்திய குழந்தைகளை ஊர்தோறும் கண்ட காலம் ஒன்று இருந்தது. 1995 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கும் முறை தொடங்கிற்று. 2011 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் நாள் மேற்கு வங்கத்தில் நோயுற்ற சிறுமிக்குப் பின், இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் எந்தக் குழந்தையும் முடமாகவில்லை. 2014 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. கடைக்கோடிச் சிற்றூரின் கடைசிக் குழந்தையையும் விடாது தேடிச் சென்றமையால் கிடைத்த வெற்றி இது.

இப்பணியில் மாணவர்க்கும் பங்கு உண்டு. பத்தாம் வயதிலும் பதினாறாம் வயதிலும் தமக்குரிய ஊசியைத் தவறாமல் இட்டுக்கொள்ளுதல் முதற் கடமை. வீட்டிலுள்ள தம்பி தங்கையரின் தடுப்பூசி அட்டையைப் படித்து, அடுத்த தவணை நாளைப் பெற்றோர்க்கு நினைவூட்டுதல் இரண்டாவது. வேலையின் பொருட்டு வெளியூர் செல்லும் குடும்பத்தார், அவ்வட்டையை உடன் கொண்டு சென்றால் எவ்வூரிலும் எஞ்சிய ஊசியைப் பெறலாம் என்பதை அண்டை அயலார்க்கு உரைத்தல் மூன்றாவது. சென்னைக் கிடங்கிலிருந்து கல்வராயன் மலை வரை நீளும் சங்கிலியில் இவையும் கண்ணிகளே. ஒவ்வொரு கண்ணியும் உறுதியாக நிற்பின், மலைமேற் பிறந்த குழந்தையும் மாநகரிற் பிறந்த குழந்தையும் நோயின்றி ஒருங்கே வளர்வர்.